பல்ஸ்டு க்ளோ டிஸ்சார்ஜ்: ஸ்விட்ச ஆஃப் பண்ணதுக்கு அப்புறம் வர்ற சிக்னல்

வீட்ல பழைய ட்யூப்லைட் ஏதாவது இருந்தா அதோட ரெண்டு முனையையும் ஒரு தடவ பாருங்க, கறுப்பா புகை படிஞ்ச மாதிரி இருக்கும். அது புகையும் இல்ல தூசியும் இல்ல, உள்ள இருக்குற எலக்ட்ரோடுல பூசிருந்த பொருள் கொஞ்சம் ஆவியாகியும் கொஞ்சம் அயனிங்க வந்து மோதி மோதி பிச்சுக்கிட்டும் போய் கண்ணாடியில ஒட்டிருக்கு. எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில வச்சிருப்பாரே ஒரு டெஸ்டர், அதுக்குள்ள இருக்குற குட்டி நியான் பல்பும் வருஷக்கணக்கா யூஸ் பண்ணா இப்படித்தான் மங்கிப் போகும். அயனி மோதி உலோக அணுவ பேத்தெடுக்குறதுக்கு ஸ்பட்டரிங்னு பேரு, 1852லயே வில்லியம் க்ரோவ்ங்கறவரு டிஸ்சார்ஜ் குழாய்ல இத கவனிச்சு எழுதி வச்சிட்டாரு. விளக்கு செய்றவனுக்கு இது தலைவலி. ஆனா ஒரு உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு பாக்கணும்னு நினைக்கிற ஆளுக்கு இத விட நல்ல விஷயம் கிடையாது, ஏன்னா ஆசிட்ல கரைக்காம சூடு பண்ணி உருக்காம திடப்பொருள்லயிருந்து அணு அணுவா அதுவே உதிந்து வருது.

சரி யாருக்கு இது வேணும்னு கேட்டா, சுத்தமான உலோகம் செய்றவங்களுக்கு. 99.9999 சதவீதம் சுத்தமான செம்புன்னு ஒன்னு விக்கிறாங்க, ஆறு ஒம்போது இருக்கறதால சிக்ஸ் நைன்னு சொல்லுவாங்க. அதுல மத்த எல்லா தனிமமும் சேத்தே பத்து லட்சத்துல ஒரு பங்கு தான் இருக்கலாம். சிப் தயாரிப்புக்குப் போற அலுமினியத்துல யுரேனியம் தோரியம்லாம் அதவிட பல மடங்கு கம்மியா இருக்கணும், இல்லன்னா அது விடுற ஆல்ஃபா துகள் மெமரியில இருக்குற பிட்ட தட்டி மாத்திடும். ஜெட் எஞ்சின் பிளேடு செய்ற நிக்கல் கலவையில ஈயம், பிஸ்மத், டெலூரியம் இதெல்லாம் சில பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல சில பங்கு தாண்டுனாலே பிளேடு தாங்காது. இத ஆசிட்ல கரைச்சு அளக்கலாம் தான், ஆனா அந்த ஆசிட்லயும் அழுக்கு இருக்கும், பாத்திரத்துலயும் இருக்கும், கரைக்கிறப்ப ஆயிரம் மடங்கு நீர்த்தும் போயிடும். அதான் நேரா திடப்பொருளையே வச்சு பாக்குற முறை மேல இவ்ளோ ஆசை.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். ஒரு சின்ன உலோக அறை, அதுல காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு கொஞ்சமா ஆர்கான் விடுறாங்க, அழுத்தம் ஒரு டார் பக்கத்துல, அதாவது நம்மள சுத்தி இருக்குற காத்தழுத்தத்துல ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்கு. சோதிக்க வேண்டிய உலோகத்த ஒரு குச்சி மாதிரியோ தட்டையான வில்லை மாதிரியோ வெட்டி நெகட்டிவ் பக்கமா, அதாவது கேத்தோடா மாட்டுறாங்க. சில நூறு வோல்ட்லயிருந்து 2000 வோல்ட் வரைக்கும் கொடுத்தா ஆர்கான் ஒளிர ஆரம்பிக்கும், இதுக்குத் தான் க்ளோ டிஸ்சார்ஜ்னு பேரு. செம்பு மாட்டி ஜன்னல் வழியா பாத்தா ஆர்கானோட ஊதா நிறத்தோட பச்சையும் கலந்து தெரியும், அந்தப் பச்ச செம்பு அணுவோடது, சாம்பிள் உதிர ஆரம்பிச்சிடுச்சுன்னு கண்ணுலயே தெரிஞ்சிடும். டெஸ்டர் பல்புல நடக்குறதும் இதே தான், அதுக்கு டிசி கொடுத்துப் பாருங்க, நெகட்டிவ் கம்பிய சுத்தி மட்டும் தான் வெளிச்சம் இருக்கும், நாம சாம்பிள வைக்கிற இடமும் அதே நெகட்டிவ் பக்கம் தான்.

ஆர்கான் அயனி பாசிட்டிவ், அதனால கேத்தோட பாத்து வேகமா ஓடி வந்து மோதும். கேரம் போர்டுல நடுவுல அடுக்கி வச்ச காயின்ஸ் மேல ஸ்ட்ரைக்கர விட்டா ஒன்னு ரெண்டு தெறிச்சு ஓடுமே அது மாதிரி மேல்பரப்புல இருக்குற அணு தெறிக்கும். தெறிச்சு வர்றதுல பெரும்பாலும் அயனி கிடையாது, சார்ஜ் இல்லாத சாதா அணு தான். சார்ஜ் இல்லன்னா, அறையோட ஒட்டி இருந்து அயனிய நிறை வாரியா பிரிச்சு எண்ணுற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அது கண்ணுக்கே தெரியாது, எலக்ட்ரிக் ஃபீல்டால அத இழுக்கவும் முடியாது திருப்பவும் முடியாது. அதனால ஒளிர்ற பகுதிக்குள்ள அது மிதந்து போறப்ப அங்க வச்சு ஒரு எலக்ட்ரான பிடுங்கணும்.

பிடுங்குறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்னு வேகமா பாயுற எலக்ட்ரான் வந்து இடிச்சு இன்னொரு எலக்ட்ரான தள்ளி விடுறது, இது முரட்டு வழி, எதிர்ல யாரு இருந்தாலும் அடிக்கும், ஆர்கானையும் அடிக்கும், அறையில மிச்சமிருக்குற தண்ணி ஆவியையும் நைட்ரஜனையும் அடிக்கும். ரெண்டாவது வழி கொஞ்சம் நாசூக்கானது. ஆர்கான் அணு சில சமயம் எலக்ட்ரான இழக்காம வெறுமனே சக்தியேறி அப்படியே மாட்டிக்கிட்டு நிக்கும், 11.55 இல்லன்னா 11.72 எலக்ட்ரான்வோல்ட் சக்தியோட, வெளிச்சமா விட்டுட்டு எறங்கலாம்னா குவாண்டம் விதி அதுக்கு விட மாட்டேங்குது. இதுக்கு மெட்டாஸ்டேபிள்னு பேரு. கடன் வாங்கிட்டு திருப்பிக் கொடுக்க ஆள் தேடுறவன் மாதிரி சுத்திக்கிட்டு இருக்கும், ஒரு இரும்பு அணுவ பாத்தா போதும், அது மேல அத்தனையையும் கொட்டிடும், இரும்புக்கு 7.9 இருந்தாலே எலக்ட்ரான் கழண்டுரும், செம்புக்கு 7.73, கால்சியத்துக்கு 6.11. ஆக உலோகம் அயனியாயிடும், ஆர்கான் பழையபடி சாதுவாயிடும். ஃபிலிப்ஸ்ல வேலை பாத்த டச்சு இயற்பியலாளர் பென்னிங் 1920கள்ல ஆராய்ஞ்ச விஷயம்ங்கறதால இது பென்னிங் அயனியாக்கம். இந்த வழியில ஆர்கான அயனியாக்க முடியாது, அதுக்கு 15.76 வேணும், கையில இருக்குறதே 11 சொச்சம் தானே. இத ஞாபகம் வச்சுக்கோங்க, மொத்தக் கதையும் இந்த ஒரு கணக்குல தான் நிக்குது.

இது வரைக்கும் சொன்னது சாதா டிசி க்ளோ டிஸ்சார்ஜ். 1980கள்லயே விஜி 9000னு ஒரு பெரிய மெஷின் இந்த முறையில வந்து பல வருஷம் ராஜாவா இருந்துச்சு. அப்ப இதுல என்ன குறைன்னு பாத்தா ஆர்கான் தான் குறை. ஆர்கான் தான் வேலை செய்யுது, ஆர்கானே தான் கண்ண மறைக்குது. ஆர்கானோட நிறை 40, கால்சியத்தோட முக்கிய ஐசோடோப்பும் 40, அது தான் இயற்கையா கிடைக்கிற கால்சியத்துல 97 சதவீதம். இரும்புக்கு 56, ஆர்கானும் ஆக்சிஜனும் ஒட்டிக்கிட்டா அதுவும் 56. செலினியம் 80, ரெண்டு ஆர்கான் சேந்தா 80. குரோமியம் 52, ஆர்கானோட கார்பன் சேந்தா 52. சிலிக்கான் 28க்கு நைட்ரஜன் மூலக்கூறும் கார்பன் மோனாக்சைடும் போட்டிக்கு வரும். ஆர்கான்ங்கற பேருக்கு கிரேக்கத்துல சோம்பேறின்னு அர்த்தம், ப்ளாஸ்மாவுக்குள்ள போயிட்டா பாத்தவனோடெல்லாம் ஒட்டிக்கும்.

நிறையில துல்லியமா வித்தியாசம் பாத்து பிரிக்கலாமேன்னு கேப்பீங்க. இரும்பு 55.9349, ஆர்கான்-ஆக்சிஜன் ஜோடி 55.9573, இதப் பிரிக்க 2500 ரெசல்யூஷன் (நிறையை ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்தா வர்ற எண்) போதும், காந்தத்தால அயனிய வளைச்சுப் பிரிக்கிற நல்ல மேக்னட் மெஷின்ல சர்வ சாதாரணம். செலினியத்துக்கு பத்தாயிரம் பக்கம் வேணும், அதுவும் தட்டுத் தடுமாறி பண்ணிடலாம். ஆனா கால்சியம் 39.96259, ஆர்கான் 39.96238, இதப் பிரிக்கணும்னா கிட்டத்தட்ட 1,90,000 வேணும், க்ளோ டிஸ்சார்ஜ்க்கு மாட்டுற மேக்னட் மெஷினெல்லாம் பத்தாயிரம் வாக்குலயே மூச்சு வாங்கும். அதனால கால்சியம் 44னு ஒரு ஓரத்து ஐசோடோப்ப பாத்துக்கிட்டு ஒப்பேத்துவாங்க, அது 2 சதவீதம் தான் இருக்கு, அங்கயும் கார்பன் டை ஆக்சைடு சிலிக்கான் ஆக்சைடுன்னு ஆளுங்க உக்காந்திருப்பாங்க.

எடையால பிரிக்க முடியாதத நேரத்தால பிரிக்க முடியுமான்னு யோசிச்சது தான் பல்ஸ்டு முறை. கரண்ட தொடர்ந்து கொடுக்காம விட்டு விட்டு கொடுக்கறது, அவ்ளோ தான் செட்டப். உதாரணத்துக்கு 5 மில்லிசெகண்ட் ஆன், 15 மில்லிசெகண்ட் ஆஃப், அப்ப செகண்டுக்கு 50 தடவ. இத ஆசிலோஸ்கோப்ல போட்டு ஆர்கான் அயனிய ஒரு கோடாவும் செம்பு அயனிய இன்னொரு கோடாவும் நேரத்தோட சேத்து வரைஞ்சா வேடிக்கையா இருக்கும். வோல்டேஜ் ஏறுன உடனே ஆர்கான் கோடு கூர்ப்பா ஒரு முகடு போடும், இது ப்ரீபீக். செம்பு அப்ப இருக்காது, இன்னும் உதிரவே ஆரம்பிக்கலயே, உதிந்து மிதந்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோட வாசல் வரைக்கும் வர நேரமாகும்ல. அப்புறம் ரெண்டும் ஏதோ ஒரு அளவுல நிலையா ஓடும், இது ப்ளாட்டோ, பழைய டிசி டிஸ்சார்ஜும் இதுவும் ஏறக்குறைய ஒன்னு தான். 5 மில்லிசெகண்ட் முடிஞ்சு வோல்டேஜ் பூஜ்யம். ஆர்கான் கோடு தடால்னு விழும். செம்பு கோடு விழாது. மேல போகும்! ப்ளாட்டோவுல இருந்தத விட உயரமா ஒரு முகடு போட்டுட்டு அப்புறம் தான் மெல்ல எறங்கும். இதுக்கு ஆஃப்டர்பீக்னு பேரு.

முதல் தடவ பாக்குற யாருமே இத சர்க்யூட் கோளாறுன்னு தான் நினைப்பாங்க, நானும் அப்படித்தான் நினைச்சு கேபிள கழட்டி மாட்டி கிரவுண்டெல்லாம் செக் பண்ணேன், கரண்டே இல்லாதப்ப அயனி எப்படி கூடும்னு மனசு ஒத்துக்கல. ஆனா காரணம் சுத்தமா புரியிற காரணம் தான். வோல்டேஜ் இருக்குற வரைக்கும் எலக்ட்ரானுங்க வேகமா ஓடிக்கிட்டு இருக்கும், வேகமா ஓடுற எலக்ட்ரான ஆர்கான் அயனியால பிடிச்சு வச்சுக்க முடியாது, ஓடுற பஸ்ல ஏற முடியாத மாதிரி. வோல்டேஜ் போன சில மைக்ரோசெகண்ட்லயே எலக்ட்ரானுங்க மோதி மோதி குளிந்து மெதுவாயிடும், உடனே ஆர்கான் அயனிங்க, முக்கியமா ரெண்டு ரெண்டா சேந்து நிக்கிற ஆர்கான் அயனி ஜோடிங்க, அத பிடிச்சுக்கும். பிடிச்ச உடனே நேரா தரைக்கு வர்றது இல்ல, மேல் படியில விழுந்து படிப்படியா எறங்கி வந்து கடைசியில நிறைய பேரு அந்த மெட்டாஸ்டேபிள் படியில வந்து மாட்டிப்பாங்க. புரியுதா, தொல்லை கொடுத்துக்கிட்டு இருந்த ஆர்கான் அயனியே செத்து மெட்டாஸ்டேபிளா மறுபிறவி எடுக்குது. அதே நேரம் ஏற்கனவே உதிந்த செம்பு அணுவெல்லாம் அறைக்குள்ள இன்னும் மிதந்துக்கிட்டு தான் இருக்கு, அதுக்கு ஸ்விட்ச் ஆஃப் ஆனதே தெரியாது. மெட்டாஸ்டேபிள் கூடுது, செம்பு இருக்கு, பென்னிங் பிச்சு ஒதறுது.

கோயில் திருவிழாவுல வாணவேடிக்கை நடக்குறப்ப பக்கத்துல நிக்கிறவன் பேசுறது காதுல விழாது, வெடிச்சத்தம் நின்னா கேக்கும்னு இத சில பேரு சொல்லிக் கொடுக்கறாங்க. அது பாதி தான் சரி. இங்க சத்தம் அடங்குறது மட்டும் இல்ல, பேசுறவன் குரலும் அந்த நேரத்துல ஒசருது. வெறும் சத்தம் அடங்குறது மட்டுமா இருந்திருந்தா இதுக்காக யாரும் இவ்ளோ மெனக்கெட்டிருக்க மாட்டாங்கன்னு தான் எனக்குத் தோணுது.

அப்ப கால்சியத்துக்கு என்ன பண்ணணும்னா, வோல்டேஜ ஆஃப் பண்ணிட்டு சில நூறு மைக்ரோசெகண்ட் சும்மா இருந்துட்டு அப்புறம் டிடெக்டர் கதவ திறக்கணும். அப்ப வர்ற 40ல ஆர்கானோட பங்கு பெருமளவு கொறைஞ்சு போயிருக்கும், கால்சியத்தோடது முகட்டுல இருக்கும். 1,90,000 ரெசல்யூஷன் கேட்ட இடத்துல ஒரு டைமர் வேலைய முடிக்குது. வில்லர்டு ஹாரிசன்ங்கற அமெரிக்க வேதியியலாளர் வர்ஜீனியாவுலயும் அப்புறம் ஃப்ளோரிடாவுலயும் இந்த மாதிரி வேலைய தான் பல வருஷமா பண்ணாரு, வெஸ்ட் வர்ஜீனியா யுனிவர்சிட்டில ஃப்ரெட் கிங்கோட குழு மில்லிசெகண்ட் பல்ஸுக்குள்ள எந்த நேரத்துல எந்த வழியில அயனி உருவாகுதுன்னு பிரிச்சு பிரிச்சு பாத்தாங்க.

மைக்ரோசெகண்ட் பல்ஸ்னு இன்னொரு கிளை இருக்கு, அதோட நோக்கமே கொஞ்சம் வேற. வெறும் 10 மைக்ரோசெகண்ட், ஆனா வோல்டேஜ் 2000, கரண்ட் அரை ஆம்பியர்னு வச்சுக்கோங்க, அந்த கணத்துல 1000 வாட் பவர். இத தொடர்ந்து கொடுத்தா சாம்பிள் உருகி வழிஞ்சிடும். ஆனா செகண்டுக்கு 100 பல்ஸ் தான்னா மொத்தமா ஒரு செகண்ட்ல ஆன்ல இருக்குறது ஆயிரத்துல ஒரு பங்கு நேரம், சராசரி பவர் 1 வாட் தான். டிசியில 1000 வோல்ட் 3 மில்லிஆம்பியர்ல ஓட்டுனாலே 3 வாட் வரும். அதாவது அடிக்கிறப்ப முந்நூறு மடங்கு பலமா அடிச்சிட்டு சூடு மட்டும் அதவிட கம்மியா வச்சுக்கறோம். காலியம், இண்டியம் மாதிரி லேசா சூடானாலே இளகுற உலோகத்துக்கு இது வரப்பிரசாதம். கண்ணாடி மேல பூசுன மெல்லிய அடுக்க ஒவ்வொரு அடுக்கா உரிச்சு ஆழத்தோட சேத்து பாக்கணும்னாலும் இது வசதி, ஒரு பல்ஸுக்கு உதிர்றது ரொம்பக் கொஞ்சம்ங்கறதால நிதானமா எறங்கலாம். இவ்ளோ குட்டி பல்ஸ்ல ஆர்கான் அயனியும் சாம்பிள் அயனியும் பிரியறது எப்படின்னா, ஆர்கான் எல்லா இடத்துலயும் ஏற்கனவே இருக்கு, வாசல் பக்கத்துலயும் இருக்கு, அதனால அதோட அயனி உடனே வந்துடும். சாம்பிள் அணு கேத்தோட்லயிருந்து கெளம்பி ஆர்கான் கூட்டத்துக்குள்ள முட்டி மோதி நடந்து வரணும், சில நூறு மைக்ரோசெகண்ட் லேட்டா தான் வரும்.

இதுக்கு ஏத்த ஜோடி டைம் ஆஃப் ஃப்ளைட் மெஷின். அயனியெல்லாம் ஒரே சக்தியில ஒரு நீளமான குழாய்ல ஓட விட்டு யாரு எப்ப வந்து சேர்றாங்கன்னு பாக்கறது, லேசானது முன்னாடி வரும். 2000 வோல்ட்ல முடுக்கி 1 மீட்டர் ஓட விட்டா இரும்பு 56 வந்து சேர 12 மைக்ரோசெகண்ட் ஆகும், ஈயம் 208க்கு 23. லித்தியத்துலயிருந்து யுரேனியம் வரைக்கும் எல்லாத்தையும் ஒரே ஓட்டத்துல பாத்துடலாம். குவாட்ருபோல் மாதிரி ஒவ்வொரு நிறையா வரிசையா பாக்குற மெஷின்னா ஒரு பல்ஸ்ல ஒரு நிறைக்கு மேல பாக்க முடியாது, மத்ததெல்லாம் வீண், அதுவும் பல்ஸ் இல்லாத நேரம் முழுக்க டிடெக்டர் வெறும் இரைச்சல எண்ணிக்கிட்டு இருக்கும். டைம் ஆஃப் ஃப்ளைட்டுக்கு எப்படியும் அயனிய கும்பல் கும்பலா தான் கொடுக்கணும், பல்ஸ்டு சோர்ஸும் கும்பல் கும்பலா தான் கொடுக்குது, ரெண்டுக்கும் பொருத்தம் பாக்கவே வேணாம்.

ஒரு சின்ன கிளைக்கதை. இதே அறைக்குள்ள உலோகத்துக்கு பதிலா ஏதாவது ஆர்கானிக் ஆவிய விட்டா ப்ரீபீக்ல அந்த மூலக்கூறு சுக்குநூறா உடைஞ்சு வரும், எலக்ட்ரான் அடி அப்படி. ஆஃப்டர்பீக்ல அதே மூலக்கூறு பெருசா உடையாம முழுசா வரும், பென்னிங்கும் புரோட்டான் கைமாத்துறதும் மெதுவான வேலைங்கறதால. ஒரே பல்ஸ்ல கைரேகையும் எடுத்துடலாம் மூலக்கூறு எடையும் எடுத்துடலாம். இது தனிமப் பகுப்பாய்வு இல்ல, ஆனா எனக்கு இந்த டெக்னிக்லயே ரொம்பப் பிடிச்ச பகுதி இது தான், அதான் சொல்லாம போக மனசு வரல.

இப்ப எதெல்லாம் இதால ஆகாதுங்கறதையும் சொல்லிடுறேன், பல்ஸ்டுன்னாலே எல்லாத் தொல்லையும் போச்சுன்னு நினைச்சு வர்ற ஆளுங்க ஜாஸ்தி. செம்பு சாம்பிள்ல ரோடியம் தேடுறீங்கன்னு வைங்க. ரோடியத்துக்கு 103ன்னு ஒரே ஒரு ஐசோடோப்பு தான். செம்பு 63ம் ஆர்கான் 40ம் ஒட்டிக்கிட்டா அதுவும் 103. இந்த ஜோடியில பாதி சாம்பிள்லயிருந்தே வருது, அதனால சாம்பிள் சிக்னலோட சேந்து கைகோத்துக்கிட்டு தான் வரும், கடிகாரத்த வச்சு இத ஒழுங்கா பிரிக்கலாம்னு நம்பாதீங்க. இதுக்கு பழையபடி ரெசல்யூஷன் தான், 7600 பக்கம் இருந்தா பிரியும். அறைக்குள்ள தண்ணி ஆவி இருந்தாலும் கஷ்டம், தண்ணி மெட்டாஸ்டேபிள எல்லாம் தின்னுடும், ஆஃப்டர்பீக் நோஞ்சானாயிடும். அதனால தான் அளக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா ஸ்பட்டர் பண்ண விட்டு மேல்பரப்பு ஈரம் அழுக்கெல்லாம் போகட்டும்னு காத்திருக்கறது, விஜி 9000ல திரவ நைட்ரஜன் வச்சு அறையவே குளிர வைப்பாங்க. டைட்டானியம் சாம்பிள் மாதிரி ஆக்சிஜன தானே உறிஞ்சிக்கிற உலோகம்னா இந்தத் தொல்லை கம்மி.

சாம்பிள் கரண்ட் கடத்தாத பொருளா இருந்தா, செராமிக் கண்ணாடி மாதிரி, டிசி பல்ஸ் அப்படியே வேலைக்கு ஆகாது, மேல்பரப்புல பாசிட்டிவ் சார்ஜ் சேந்து வர்ற அயனிய தள்ளி விட்டுடும். ஒன்னு 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப், அதாவது வேகமா திசை மாறுற மின்சாரம் கொடுக்கணும், அதையும் பல்ஸா விட்டு விட்டு கொடுக்கலாம், இல்லன்னா பொடியாக்கி வெள்ளிப் பொடியோடயோ செம்புப் பொடியோடயோ கலந்து அழுத்தி வில்லையாக்கணும், கலக்குற பொடி எவ்ளோ சுத்தமோ ரிசல்ட்டும் அவ்ளோ தான் சுத்தம்.

புதுசா இதுல உக்காற்றவங்க முதல்ல தடுமாறுறது கதவ எப்ப திறக்கறதுன்னு தான். எல்லா தனிமத்துக்கும் ஒரே டிலே போட்டு வைக்காதீங்க, லேசான அணு சீக்கிரம் மிதந்து வரும், கனமானது லேட்டா வரும், ஆர்கான் அழுத்தத்த கூட்டுனா எல்லாரும் லேட், சாம்பிளுக்கும் வாசலுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய வச்சாலும் முகடு இடம் மாறும். முதல்ல மேட்ரிக்ஸ் தனிமத்த, அதாவது சாம்பிள்ல பெரும்பங்கா இருக்குற தனிமத்த வச்சு டிலேய ஒரு ஓரத்துலயிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் நகத்தி கோட்ட வரைஞ்சு பாத்துட்டு, அதே பக்கத்துல ஆர்கானையும் வரைஞ்சுட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க. ஆக்சிஜன், நைட்ரஜன், ஃப்ளோரின் தேடுறீங்கன்னா மட்டும் ஆஃப்டர்பீக் பக்கம் போகாதீங்க. ஆக்சிஜனுக்கு 13.6 வேணும், நைட்ரஜனுக்கு 14.5, ஃப்ளோரினுக்கு 17.4, மெட்டாஸ்டேபிள் கையில இருக்குறது 11.7 தான். அதுங்கள ப்ளாட்டோவுலயே, எலக்ட்ரான் முரட்டடி அடிக்கிற நேரத்துலயே புடிக்கணும்.